கேஸ் காசுல ஊருக்குப் பங்கு: கிராம சபைல எந்தத் தீர்மானத்தைப் போடலாம்

அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்க ஊர்ல மூணு தீர்மானம் எழுதி வெச்சிருக்காங்க, மூணும் ஒரே விஷயத்தைப் பத்தினது தான், ஆனா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. வயலுக்குக் கீழ இருந்து எடுக்குற கேஸுக்கும் எண்ணெய்க்கும் வர்ற காசுல ஊருக்கு என்ன பங்கு, அதை யாருகிட்ட கேக்குறது, இது தான் கேள்வி. பெரியப்பா வீட்டுத் திண்ணைல மூணு ராத்திரி பேசியும் முடியல, கடைசில "மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து எது சரின்னு நீயே எழுதிக் குடுறா"ன்னு பெரியப்பா சொல்லிட்டாரு. எங்க ஊருக்கு மட்டும் இல்ல, காவேரி டெல்டால நரிமணம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், கதிராமங்கலம்னு கிணறு இருக்குற எல்லா ஊருக்கும் இதே கேள்வி தான், அதனால எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

முதல்ல இப்ப காசு எப்படிப் போவுதுன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரியாம தான் திண்ணைல பாதி சண்டை. நிலத்துக்குக் கீழ கிடைக்கிற எண்ணெய், கேஸுக்கு ராயல்டி, அதாவது அதை எடுக்குறதுக்காக கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டுற காசு, மாநில அரசுக்குப் போவுது. கடல்ல எடுத்தா, அரசியல் சாசனம் 297வது பிரிவுப்படி அது ஒன்றிய அரசோட சொத்து, ராயல்டியும் டெல்லிக்குத் தான். நிலத்துல ஓஎன்ஜிசிக்கு டெண்டர் இல்லாம நேரடியாக் குடுத்த பழைய வயல்கள்ல கச்சா எண்ணெய்க்கு கிணத்தடி விலைல 20 சதவீதம், கேஸுக்கு 10 சதவீதம் ராயல்டி. அதாவது கிணத்தடில 100 ரூபா பெறுமான எண்ணெய் வந்தா 20 ரூபா சென்னைக்கு, 100 ரூபாய்க்கு கேஸ் வந்தா 10 ரூபா சென்னைக்கு. அதே 100 ரூபா எண்ணெய் மேல டெல்லி 1974 சட்டத்துப்படி தனியா ஒரு செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட செலவுக்குன்னு சொல்லி வாங்குற வரி, போடுது, 2016ல இருந்து அது விலைல 20 சதவீதம். செஸ்ங்கறதால நிதிக்குழு பிரிச்சுக் குடுக்குற பொதுக் கணக்குல அது சேராது, மாநிலத்துக்கு அதுல ஒரு பைசா பங்கு கிடையாது. எண்ணெய் பெட்ரோலா மாறி பங்க்குக்கு வந்ததுக்கு அப்புறமும் இதே கதை தான். 2022 மே மாசம் வரியைக் குறைச்சதுக்கு அப்புறம் லிட்டருக்கு ஒன்றிய அரசோட கலால் வரி 19.90 ரூபாயா இருந்துச்சு, அதுல மாநிலங்களுக்குப் பங்கு வர்ற அடிப்படை கலால் வரி வெறும் 1.40, மிச்சம் பூரா செஸ்ஸும் கூடுதல் வரியும் தான்.

சரி, இதுல ஊரு எங்க இருக்கு? எங்கயும் இல்ல. சென்னைக்குப் போற 20 ரூபாயும் 10 ரூபாயும் பொது கஜானால கலந்துடுது, கிணறு இருக்குற ஊருக்கு இவ்வளவு குடுத்தே ஆகணும்னு எண்ணெய் வயல் சட்டத்துல எதுவும் இல்ல. மாநிலம் டெல்லியைப் பாத்து என்ன கேக்குதோ அதையே தான் ஊரு மாநிலத்தைப் பாத்து கேக்க வேண்டியிருக்கு, இதை நாம வாய்விட்டுச் சொல்றதே இல்ல. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்துது.

மொதல் தீர்மானம் பெரியப்பாவோடது. மாநில அரசு எண்ணெய் கேஸ் எடுக்குற நிலத்து மேல தன்னோட சொந்த வரியைப் போடணும், டெல்லிகிட்ட கையேந்த வேண்டாம்னு அவரு சொல்றாரு. இதுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு, அதுவும் நம்ம தமிழ்நாட்டுல தொடங்கின கதை. 1958 மெட்ராஸ் பஞ்சாயத்துச் சட்டம் 115வது பிரிவுல நிலவரி ஒரு ரூபாய்க்கு 45 பைசா பஞ்சாயத்து செஸ்னு இருந்துச்சு, அப்புறம் சட்டத்தைத் திருத்தி சுரங்க ராயல்டியையும் நிலவரிக் கணக்குல சேத்தாங்க. சுண்ணாம்புக்கல் எடுத்துக்கிட்டு இருந்த இந்தியா சிமெண்ட்ஸ் அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாங்க, 1989ல சுப்ரீம் கோர்ட்டோட ஏழு நீதிபதி அமர்வு ராயல்டியே ஒரு வரி தான், அது மேல செஸ் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லன்னு சொல்லிடுச்சு. சுரங்கம் இருக்குற ஊருக்கு வரவேண்டிய காசு தான் அன்னிக்கு நின்னது, இதை யோசிச்சுப் பாருங்க. 2004ல ஐந்து நீதிபதி அமர்வு, அந்தப் பழைய தீர்ப்புல ஒரு அச்சுப்பிழை இருக்கு, "ராயல்டி மேல போடுற செஸ் ஒரு வரி"ன்னு தான் இருந்திருக்கணும்னு சொல்லுச்சு, அப்புறம் எது சரின்னு பெரிய அமர்வுக்குப் போயி, 2024 ஜூலை 25ல ஒன்பது நீதிபதிகள், எட்டுக்கு ஒண்ணுன்னு, ராயல்டி வரி இல்ல, கனிம உரிமை மேல வரி போடுற அதிகாரம் மாநிலத்துக்கு உண்டுன்னு தீர்ப்பு சொன்னாங்க. 35 வருஷம். ஆகஸ்ட் 14ல இன்னொரு உத்தரவு, 2005 ஏப்ரல் 1ல இருந்து உள்ள பாக்கியைக் கூட மாநிலங்கள் கேக்கலாம், 2026 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 12 வருஷ தவணைல வாங்கிக்கலாம்னு.

அதே வருஷம் டிசம்பர்ல தமிழ்நாடு கனிமம் உள்ள நிலங்களுக்கு வரிச் சட்டம் கொண்டு வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து அமல், சிமெண்ட்டுக்குப் போற சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபான்னு போட்டாங்க. இதைக் காட்டித் தான் பெரியப்பா, "பாத்தியா, நம்ம அரசாங்கமே போட முடியுது"ங்கறாரு. மாநில உரிமைங்கற கணக்குல பாத்தா அவரு சொல்றது நூத்துக்கு நூறு சரி, நானும் அந்தத் தீர்ப்பு வந்த அன்னிக்கு சந்தோஷப்பட்டவன் தான். ஆனா ரெண்டு விஷயம் இடிக்குது. கனிம உரிமை மேல மாநிலம் போடுற வரிக்கு பார்லிமென்ட் சட்டம் போட்டு வரம்பு கட்டலாம்னு அரசியல் சாசனத்துலயே இருக்கு, தீர்ப்பும் அதை ஒத்துக்குது, அதுலயும் எண்ணெய் வயலை ஒழுங்குபடுத்துற அதிகாரம் முழுசா ஒன்றியப் பட்டியல்ல இருக்கு, அதனால வரி போட்ட மறுநாளே கம்பெனி கோர்ட்டுக்குப் போகும், நாம இன்னொரு 35 வருஷம் காத்துக்கிட்டு இருக்கணும். ரெண்டாவது தான் பெருசு. அந்த வரி வந்தாலும் போய்ச் சேருற இடம் சென்னை கஜானா தான். 1958 செஸ் பஞ்சாயத்துக்குன்னு பேரு போட்டு வந்துச்சு, இப்ப வர்ற வரில அப்படி ஊர் பேரு இல்ல. மாநிலம் ஜெயிச்சா ஊரு ஜெயிச்ச மாதிரின்னு நாம நெனச்சுக்குறோம், கணக்குப் பாத்தா அப்படி இல்ல.

ரெண்டாவது தீர்மானம் எங்க சித்தப்பா பையனோடது, அவன் அரியலூர்ல சிமெண்ட் ஆலைப் பக்கம் வேலை பாத்துட்டு வந்தவன், அங்க பாத்ததை வெச்சு சொல்றான். சுண்ணாம்புக்கல், நிலக்கரி மாதிரி கனிமங்களுக்கு 1957 சட்டத்துல 2015ல 9பின்னு ஒரு பிரிவு சேத்தாங்க, அதும்படி சுரங்கம் இருக்குற ஒவ்வொரு மாவட்டத்துலயும் மாவட்ட கனிம அறக்கட்டளைன்னு ஒண்ணு இருக்கணும், சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவங்க ராயல்டிக்கு மேல தனியா காசு கட்டணும், 2015 ஜனவரி 12க்கு முந்தின குத்தகையா இருந்தா ராயல்டில 30 சதவீதம், ஏலத்துல எடுத்த புதுசா இருந்தா 10 சதவீதம். தண்ணி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சுற்றுச்சூழல்னு பாதிக்கப்பட்ட ஊர்களுக்குத் தான் செலவு பண்ணணும். அதனால அரியலூருக்கு சுண்ணாம்புக்கல்லுக்காக அந்தக் காசு வருது, கடலூருக்கு நெய்வேலி பழுப்பு நிலக்கரிக்காக வருது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் வருது, இந்தப் பக்கம் திருவாரூருக்கும் மயிலாடுதுறைக்கும் நாகைக்கும் எண்ணெய், கேஸுக்காக வராது, ஏன்னா அந்த 1957 சட்டம் எண்ணெயையும் கேஸையும் ஆரம்பத்துலயே ஒதுக்கி வெச்சிருக்கு, இது ரெண்டுக்கும் 1948ல வந்த எண்ணெய் வயல் சட்டம்னு தனிச் சட்டம். அந்தச் சட்டத்தை 2025 மார்ச்ல பார்லிமென்ட்ல திருத்தினப்ப கூட, குத்தகைக்கு எடுக்குற கம்பெனி வசதிக்கு நெறைய யோசிச்சாங்க, கிணறு இருக்குற மாவட்டத்துக்கு ஒரு நிதின்னு ஒரு வாக்கியம் சேக்கல. நம்ம எம்பிக்கள் இதைக் கேட்டிருக்கணும்னு எனக்கு ஆதங்கம் தான்.

கணக்கு சின்னது தான். கிணத்தடில 100 ரூபா கேஸுக்கு ராயல்டி 10, அதுல 30 சதவீதம் 3 ரூபா. எண்ணெய்க்கு 100க்கு 6 ரூபா. ஆனா அது வருஷா வருஷம் வர்றது, மாவட்டத்துக்குள்ளயே நிக்கிறது. கருங்கல் குவாரி இருக்குற பஞ்சாயத்துக்கு சீனியரேஜ் காசு, அதாவது கல் எடுக்குறதுக்குக் கட்டுற கட்டணம், ஒதுக்கப்பட்ட வருவாயா வருது, கேஸ் கிணறு இருக்குற எங்க பஞ்சாயத்து அதைக் கேட்டா மட்டும் பேராசைன்னு சொல்ல முடியாதுல்ல.

இதுல ஒண்ணை நிறுத்திச் சொல்லணும், திண்ணைல யாருமே இதைப் பேசல. கிணத்துக்கு நிலம் குடுத்தா வருஷ வாடகையும் பயிர் இழப்பீடும் பட்டா யாரு பேருல இருக்கோ அவங்களுக்குப் போவுது. டெல்டால பாதி நிலம் உழுறவன் பேருல இருக்கா? கோயில் நிலம், மடத்து நிலம், சென்னைலயும் துபாய்லயும் இருக்குறவங்க நிலம், இதை எல்லாம் குத்தகைக்குப் பாக்குறவங்க தான் எங்க தெருவுல நெறைய. கிணறு வந்தா குத்தகைதாரருக்கு சாகுபடி போவுது, நடவுக்குப் போற பொம்பளைங்களுக்கு அந்த வயலோட கூலி போவுது, கனரக வண்டி போற ரோட்டுல பிள்ளைங்க சைக்கிள்ல பள்ளிக்கூடம் போவுதுங்க, இவங்க யாரு பேருக்கும் ஒரு செக்கும் வராது. ராயல்டி சென்னைக்கு, இழப்பீடு பட்டாதாரருக்கு, பாதிப்பு இவங்களுக்கு. மாவட்ட நிதிங்கறது பட்டா கேக்காது, ஊர்ல இருக்கியான்னு தான் கேக்கும், அதனால தான் எனக்கு இந்த ரெண்டாவது வழி மேல மனசு போவுது.

குறை இல்லாம இல்ல. அறக்கட்டளை கலெக்டர் கைல இருக்கு, சத்தீஸ்கர்ல இந்த நிதிலயே ஊழல்னு அமலாக்கத்துறை வழக்கு போட்டிருக்கு. நிதி இருந்துட்டா ஊர் பாதுகாப்பா இருக்கும்னும் நெனைக்காதீங்க, கடலூர் மாவட்டத்துக்கு அந்த நிதி இருந்தும் 2023 ஜூலைல நெய்வேலி சுரங்கத்துக்காக வளையமாதேவில விளைஞ்சு நின்ன நெல்லுக்குள்ள மிஷினை விட்டு வாய்க்கால் வெட்டுனதை நாம எல்லாரும் டிவில பாத்தோம். பயிர் மேல மண்ணு விழுந்த அந்தக் காட்சியைப் பாத்துட்டு எங்க அம்மா அன்னிக்கு சோறு சாப்பிடல.

மூணாவது தீர்மானம் மகளிர் குழுவோடது, காசே வேண்டாம், கிணறையெல்லாம் மூடுங்க. சின்னம்மா ஒருத்தங்க கேட்டது தான் எனக்கு இன்னும் காதுல இருக்கு: "காசை வாங்கிட்டா அப்புறம் வாயை மூடிக்கணும், அதானே?" இதுக்குப் பதில் சொல்லாம மத்த ரெண்டு தீர்மானத்தையும் எழுத முடியாது.

அவங்க பயம் வெறும் பயம் இல்ல. நைஜீரியால இதே சண்டை ரொம்ப வருஷமா நடக்குது, அங்க 1999 அரசியல் சாசனத்துல எண்ணெய் எடுக்குற மாநிலத்துக்குக் குறைஞ்சது 13 சதவீதம்னு எழுதியிருக்கு, அந்தக் காசு மாநிலத் தலைநகரத்தோட நின்னுடுது, நைஜர் டெல்டா ஊர்களுக்கு வந்து சேரலன்னு மக்கள் போராடி, கடைசில 2021 சட்டத்துல ஊருக்குன்னே தனி அறக்கட்டளை வெச்சாங்க, கம்பெனி அதுக்கு முந்தின வருஷம் செஞ்ச இயக்கச் செலவுல 3 சதவீதம் அதுல போடணும். நல்லது தானேன்னு தோணும். ஆனா அதே சட்டத்துல இன்னொண்ணு இருக்கு, அந்த ஊர்ல குழாயையோ கிணறையோ யாராவது சேதப்படுத்துனா ரிப்பேர் செலவை ஊர் பங்குல இருந்து கழிச்சுக்கலாம். அதாவது எவனோ செஞ்சதுக்கு ஊரே பிணை. இந்த மாதிரி ஒரு பிரிவு நம்ம சட்டத்துல வந்துடக் கூடாது, அதுக்கு இப்பவே எழுதி வெக்கணும், காசு வந்ததுக்கு அப்புறம் எழுத யாரும் விட மாட்டாங்க.

மூடுறதைப் பத்தி நேர்மையாப் பேசணும்னா, 2020 பிப்ரவரில வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதுசா எண்ணெய், கேஸ், மீத்தேன், ஷேல் எதுக்கும் கிணறு தோண்டக் கூடாதுங்குது, ஏற்கெனவே ஓடுறதைத் தொடல. நெடுவாசல்லயும் கதிராமங்கலத்துலயும் 2017ல ஜனங்க போராட்டத்துல உக்காராம இருந்திருந்தா அந்தச் சட்டமும் வந்திருக்காது. 2023ல வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குன்னு நிலக்கரி ஏலப் பட்டியல்ல நம்ம ஊர்ப் பேரு வந்தப்பவும் எல்லாக் கட்சியும் எதிர்த்த பிறகு தான் பட்டியல்ல இருந்து நீக்கினாங்க. அதனால மகளிர் குழு தீர்மானத்துல உள்ள "புதுசா ஒண்ணும் வேண்டாம்" அப்படியே இருக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஓடுற கிணறை நாளைக்கே மூடுங்கன்னு கேக்குறது தான் சிக்கல், கோவில்களப்பாலயும் குத்தாலத்துலயும் கேஸ்ல ஓடுற மின் நிலையம் இருக்கு, கிணத்துல வேலைக்குப் போற பையங்க நம்ம வீட்லயே இருக்காங்க, ஒரே தீர்மானத்துல முடியுற விஷயம் இல்ல. அது ஓடுற வரைக்கும் ஊருக்கு ஒண்ணும் வராம ஓடணுமாங்கறது தான் என் கேள்வி.

நடுவுல மீனவர் தெருக்காரங்க கடல்ல எடுக்குறதைப் பத்தி கேட்டாங்க, அதுக்கும் ஒரு வார்த்தை. காவேரிப் படுகையோட கடல் பகுதில பிஒய்-1, பிஒய்-3ன்னு வயல்கள் இருக்கு, அதுல வர்ற ராயல்டி டெல்லிக்குத் தான், வலை போடுற இடத்துல மேடை நின்னாலும் தமிழ்நாட்டுக்கு உரிமை இல்ல. கனடால நியூஃபவுண்ட்லேண்டுன்னு ஒரு மாகாணம், மீன்பிடிக்கிற ஊரு தான் அதுவும். அங்க 1984ல சுப்ரீம் கோர்ட் கடல் எண்ணெய் மத்திய அரசுக்குத் தான்னு சொல்லிடுச்சு, மாகாணம் தோத்துப்போச்சு. ஆனாலும் 1985 பிப்ரவரில ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, சொந்தம் டெல்லி மாதிரி ஒட்டாவாவோடதா இருந்தாலும், வருமானம் நிலத்துல எடுத்த மாதிரி மாகாணத்துக்கு, முடிவு எடுக்குற வாரியம் ரெண்டு பேருக்கும் பொதுன்னு வெச்சாங்க. கோர்ட்டுல தோத்தவன் பேச்சுவார்த்தைல வாங்கினான். அப்புறம் எண்ணெய்க் காசு வர வர வருமானம் கம்மியான மாகாணங்களுக்கு மத்திய அரசு குடுக்குற சமன் நிதி குறைஞ்சுக்கிட்டே போச்சு, 2004 டிசம்பர்ல மாகாண முதல்வர் டேனி வில்லியம்ஸ் அரசுக் கட்டடத்துல இருந்து கனடா கொடியையே இறக்கச் சொன்னாரு, மறு வருஷம் 200 கோடி டாலர் முன்பணத்தோட புது ஒப்பந்தம் வந்துச்சு. வளந்தா பங்கு குறையுங்கறது நமக்கும் தெரிஞ்ச வலி தான், ஒன்பதாவது நிதிக்குழுல 7.931 சதவீதமா இருந்த தமிழ்நாட்டுப் பங்கு பதினஞ்சாவதுல 4.079. மாநிலங்களுக்கு மொத்தமா 50 சதவீதம் வேணும்னு தமிழ்நாடு கேட்டிருக்கு, நியாயமான கேள்வி. ஆனா அது முதலமைச்சர் பேச வேண்டிய மேடை, எங்க கிராம சபை தீர்மானத்தால நகரப்போறது இல்லன்னு அதை விட்டுட்டேன்.

ஆக என் முடிவு ரெண்டாவது தீர்மானம், ஆனா சித்தப்பா பையன் எழுதின மாதிரி இல்ல. அவன் எல்லாத்தையும் டெல்லிகிட்ட கேட்டு எழுதியிருந்தான், 1948 சட்டத்துல 9பி மாதிரி ஒரு பிரிவு வேணும்னு. அது வேணும், எழுதணும், எம்பிக்கும் அனுப்பணும். ஆனா அது எப்ப வரும்? ராயல்டியோ இப்பவே சென்னைக்கு வந்துக்கிட்டு இருக்கு. தனக்கு வந்த காசுல 30 சதவீதத்தை கிணறு இருக்குற ஊராட்சிகளுக்குன்னு ஒதுக்குறதுக்கு மாநிலம் டெல்லியைக் கேக்க வேண்டியது இல்ல, கோர்ட் தீர்ப்பு வேண்டியது இல்ல, ஒரு அரசாணை போதும். அதனால மொதல் கோரிக்கையை சென்னைக்கு எழுதியிருக்கேன், ரெண்டாவதை டெல்லிக்கு. பெரியப்பா "நம்ம அரசாங்கத்தையே நெருக்குறியேடா"ன்னு வருத்தப்பட்டாரு. இது ஊருக்குப் பாத்தியப்பட்ட காசு பெரியப்பா, கேட்டா தப்பு இல்லன்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு வெத்தலைப் பெட்டியை என் பக்கம் நகத்துனாரு.

சின்னம்மாவோட கேள்விக்கு மூணு நிபந்தனை சேத்தேன். இந்தப் பங்கு ஓடுற கிணத்துக்கு மட்டும், இதை வாங்குறது புதுக் கிணத்துக்கு ஊர் குடுத்த சம்மதம் ஆகாது. ஊர் போராடுச்சுன்னோ எவனோ குழாயை உடைச்சான்னோ காரணம் காட்டி பங்கைக் கழிக்கவோ நிறுத்தவோ கூடாது. வர்ற காசுல மொதல் செலவு கிணத்துக்கு ஒரு கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துல உள்ள எல்லா அடிபம்புக்கும் போருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை, குறுவைக்கு முன்னாடியும் சம்பா அறுவடைக்கு அப்புறமும், தண்ணி பரிசோதனை, ரிசல்ட்டை கிராம சபைல சத்தமா வாசிக்கணும். தேடுறதுக்குத் தோண்டுற கிணத்துக்கு 2020 ஜனவரில இருந்து மக்கள் கருத்துக் கேட்பு கூடத் தேவை இல்லன்னு ஆக்கிட்டாங்க, அதனால நம்ம கைல எழுத்துல இருக்குற ஒரே ஆதாரம் அந்தத் தண்ணி ரிசல்ட்டா தான் இருக்கும்.

நாலாவதா குத்தகைதாரர் பட்டியல். எந்த சர்வே நம்பர்ல கிணறு வந்துச்சோ அப்ப அதை யாரு உழுதாங்கன்னு ஊரே சேந்து எழுதணும், அதுக்கு பட்டா கேக்கக் கூடாது, அடங்கல், அதாவது எந்த வயல்ல என்ன சாகுபடின்னு விஏஓ எழுதுற கணக்கு, இருந்தா அது, இல்லன்னா பக்கத்து வயக்காரங்க சாட்சி. மகளிர் குழு இதைப் படிச்சுட்டு தங்களோட தீர்மானத்தை வாபஸ் வாங்கல, தனியாவும் வெப்போம்னு சொல்லிட்டாங்க, அது அவங்க உரிமை, ரெண்டும் ஒரே நோட்டுல பதிவாகட்டும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துல பட்டியல் எழுத உக்காருறோம், பழைய அடங்கல் நகல் வீட்ல வெச்சிருக்குறவங்க எடுத்துட்டு வாங்க.